ராஜினாமாக் கடிதத்துல கையெழுத்துப் போடலாமா? பிரசவ லீவுச் சம்பளத்தை யார் குடுக்கணும்?

தெற்குமாசி கணக்கு | வியாழன் இரவு 10:52

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க அதிகமா எழுதுறதில்லை, படிச்சிட்டுப் போயிருவேன். இன்னைக்கு யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியாமத்தான் எழுதுறேன்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடையில ஏழு வருசமா கணக்கு எழுதுறேன். பில், ஜிஎஸ்டி, லாரி புக்கிங், பாக்கி நோட்டு எல்லாம் என் மேசைதான். மொத்தம் பதினாலு பேர் வேலை பாக்குறோம். கல்யாணம் ஆகி நாலு வருசம் கழிச்சு இப்பத்தான் உண்டாகியிருக்கேன். ஏழு மாசம் முடியப் போகுது. பங்குனி நடுவுல தேதி சொல்லியிருக்காங்க.

பொங்கல் வியாபாரம் முடிஞ்சதும் போன திங்கக்கிழமை கடையிலயே எனக்கு வளையல் போட்டாங்க. மொதலாளி வீட்டம்மாவே வந்து சந்தனம் பூசி, ரெண்டு கையிலயும் கண்ணாடி வளையலை அடுக்கிவிட்டாங்க. மொதலாளி ஒரு சேலையும் ஆயிரத்தோரு ரூபாயும் தட்டுல வச்சுக் குடுத்தாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

புதன்கிழமை கடை சாத்துற நேரத்துல கூப்பிட்டு ஒரு தாளை நீட்டுனாரு. 'எனது சொந்தக் காரணங்களால் பணியில் தொடர இயலவில்லை' அப்படின்னு ஆரம்பிக்குது. கீழ என் பேரு, இனிஷியலோட. தேதி மட்டும் எழுதாம விட்டிருக்கு. அந்தக் கடையில ஏழு வருசமா எந்த லெட்டரா இருந்தாலும் நான்தான் டைப் அடிப்பேன். இதை மட்டும் வெளியில குடுத்து அடிச்சிட்டு வந்திருக்காரு.

"பிள்ளையப் பெத்து வளத்துட்டு ஒரு வருசம் கழிச்சு வாம்மா, இடம் இருந்தா பாப்போம். ஆறு மாசம் வீட்டுல வச்சுச் சம்பளம் குடுக்க இது என்ன கவர்மெண்டு ஆபீசா?"ன்னு கேட்டாரு. திட்டலை, மெதுவாத்தான் சொன்னாரு. அவரைக் கெட்டவர்னும் சொல்ல முடியலை. என் தம்பி ஆபரேசனுக்கு நாப்பதாயிரம் குடுத்து, வட்டி இல்லாம சம்பளத்துல மாசம் ஆயிரமாப் பிடிச்சவரு.

தாளைப் பைக்குள்ள வச்சு எடுத்துட்டு வந்துட்டேன். சனிக்கிழமை குடுக்கணும். போடவா, வேண்டாமா?

---

உசிலம்பட்டிக்காரி | வியாழன் இரவு 11:04

போடாதம்மா. மத்ததெல்லாம் காலையில பேசிக்கலாம். மொதல்ல தூங்கு.

---

உலகனேரி ஜூனியர் | வியாழன் இரவு 11:31

கையெழுத்துப் போடாதீங்க அக்கா. ஒருத்தரை வேலையை விட்டு நீக்குறதும், அவரா விலகுறதும் கோர்ட்டுல வேற வேற. மகப்பேறு விடுப்புல இருக்கும்போது நீக்கினா அது சட்டவிரோதம். அதனாலதான் நீக்க மாட்டாங்க, எழுதி வாங்குவாங்க. அந்தத் தாளுல உங்க கையெழுத்து விழுந்துட்டா நாளைக்கு எங்க சீனியர் எவ்வளவு வாதாடினாலும் எதிர்த்தரப்பு அந்த ஒரு தாளைத்தான் தூக்கிக் காட்டும்.

சட்டம் சுருக்கமா: 1961 மகப்பேறு நலச் சட்டம். 2017 ஏப்ரல் 1 முதல் 12 வாரம் 26 வாரமாச்சு. ஏற்கெனவே ரெண்டு குழந்தை இருந்தா 12 வாரம்தான். பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருந்தாப் போதும். பத்துப் பேரும் அதுக்கு மேலயும் இருக்குற கடைக்குப் பொருந்தும், உங்க கடையில பதினாலு. அந்தச் சட்டத்தை இப்ப 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள சேத்துட்டாங்க, 2025 நவம்பர் 21 முதல் அமல். 26, 80, 10 இந்த மூணு எண்ணும் மாறலை.

---

சும்மா ஒரு பார்வையாளன் | வெள்ளி காலை 6:15

அந்தக் காலத்துல நாத்து நட்டுக்கிட்டே வரப்புல பிள்ளை பெத்தாக. லீவு கேட்டாகளா, சம்பளம் கேட்டாகளா? இப்ப எதுக்கெடுத்தாலும் உரிமை.

---

உசிலம்பட்டிக்காரி | வெள்ளி காலை 6:40

பெத்தாகதான். எங்க அப்பத்தா ஒம்பது பெத்தா, நாலு தங்குச்சு. மிச்சம் அஞ்சோட கணக்கை எந்த வரப்புலயும் யாரும் எழுதி வைக்கலை.

---

பழைய மில் ஆளு | வெள்ளி காலை 7:20

தாயி, சட்டத்தையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல். உன் சம்பளம் எவ்வளவு? சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, என்று ஒரு கட்டம் இருக்கிறதா?

---

தெற்குமாசி கணக்கு | வெள்ளி காலை 8:05

16,500 ஐயா. சம்பளச் சீட்டு போடுறதே நான்தான்! இ.எஸ்.ஐ. 124 ரூபான்னு எனக்கு நானே பிடிச்சுக்கிறேன். ரெண்டு வருசமாச்சு. ஆடிட்டர் சொன்னாரு, போட ஆரம்பிச்சேன். மாசாமாசம் 15ஆம் தேதிக்குள்ள சலான் கட்டுறதும் நான்தான். காச்சல் தலைவலிக்கு மருந்து வாங்கிக்கிறதுக்குன்னு நெனச்சிருந்தேன். அது எதுக்கு ஐயா?

---

பழைய மில் ஆளு | வெள்ளி காலை 8:50

அப்படியானால் முதலாளியும் நீயும் இருட்டில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

உன் 16,500-இல் நீ கட்டுவது 0.75 சதவீதம், 124 ரூபாய். முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், 537 ரூபாய். மாதம் 661. இந்தக் காசு காய்ச்சலுக்கு மட்டும் அல்ல. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பிரசவ விடுப்பின் 26 வாரச் சம்பளத்தையும் இ.எஸ்.ஐ. கழகமே கொடுக்கும். முழுச் சம்பளம், உன் வங்கிக் கணக்குக்கே வரும். முந்தைய இரண்டு பங்களிப்புப் பருவங்களில் (ஒரு பருவம் ஆறு மாதம்) சேர்த்து 70 நாள் பணம் கட்டியிருந்தால் போதும். நீ இரண்டு வருடம் கட்டியிருக்கிறாய். 16,500-ஐ நாளுக்கு 550 என்று வைத்தால், 182 நாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சுமாராக வரும்.

'ஆறு மாசம் வீட்டுல வச்சுச் சம்பளம் குடுக்க இது என்ன கவர்மெண்டு ஆபீசா' என்று உன் முதலாளி கேட்டாரே, அவர் கொடுக்கவே வேண்டியதில்லை. அவருடைய பங்கை மாதா மாதம் உன் கையாலேயே கட்டிவிட்டார். இ.எஸ்.ஐ. இருக்கிற இடத்தில் 1961 சட்டப்படியான சம்பளச் சுமை அவர் தலையில் ஏறாது. அவர் செய்ய வேண்டியது உன் நாற்காலியை வைத்திருப்பது மட்டும்.

பஞ்சாலையில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். சங்க ஆபீசில் உட்கார்ந்து பிறருக்குப் படிவம் எழுதிக் கொடுத்தே பாதி நாள் போனது. 124 ரூபாய் எதற்கு என்று தெரியாதவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். சலான் கட்டுகிற ஆளுக்கே தெரியாததை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

---

தெற்குமாசி கணக்கு | வெள்ளி காலை 8:58

கோவம் எல்லாம் இல்லை ஐயா. கடையில இருக்கேன், கை நடுங்குது. மத்தியானம் எழுதுறேன்.

---

ஆறு பேர் கடை | வெள்ளி காலை 10:30

நான் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சின்னதா ஒரு கடை வச்சிருக்கேன். என் பக்கத்தையும் ஒருத்தன் சொல்லணும்ல, கல்லெறியாதீங்க.

இந்தப் பொண்ணு கடையில பதினாலு பேரு, இ.எஸ்.ஐ. இருக்கு, தப்பிச்சாரு. என் கடையில ஆறு பேரு. இ.எஸ்.ஐ.யும் கிடையாது, அந்தச் சட்டமும் என்னைத் தொடாது. ஆனா சட்டம் தொடலைன்னு மனசும் தொடாம இருக்குமா? பில் போடுற பொண்ணுக்கு 12,000. ஆறு மாசத்துக்கு 72,000. அந்த எடத்துக்கு இன்னொரு ஆள் போட்டா அதுக்கும் சம்பளம். வாடகை, கரெண்டு, ஆடித் தள்ளுபடியில விட்டது, ஆன்லைன்காரன் அடிச்சது எல்லாம் போக எனக்கு மாசம் என்ன நிக்கும்னு நெனைக்கிறீங்க?

2018ல, ஏழு வாரச் சம்பளத்தை அரசாங்கம் மொதலாளிக்குத் திருப்பிக் குடுக்கும்னு ஒரு பேச்சு வந்துச்சு. அதையும் பேப்பர்ல படிச்சதோட சரி. ஆறு மாசம்னு சட்டம் போடுறது டெல்லி, பணம் எண்ணி வைக்கிறது கீழமாசி வீதியா?

வெளிப்படையாச் சொல்றேன். போன வருசம் கடைக்கு ஆள் எடுக்கும்போது ரெண்டு பேர் வந்தாங்க. புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணு ஒண்ணு, ஒரு பையன். பொண்ணுதான் கெட்டி. நான் எடுத்தது பையனை. ஏன்னு உங்களுக்குத் தெரியும்.

---

உசிலம்பட்டிக்காரி | வெள்ளி காலை 10:41

அண்ணே, உண்மையச் சொன்னதுக்கு நன்றி. வயிறு எரியுது.

---

உலகனேரி ஜூனியர் | வெள்ளி காலை 11:15

அவர் சொல்றது அசிங்கமா இருந்தாலும், இந்த இழையில பேசவேண்டிய விஷயமே அதுதான். லீவு வேணும்னு இங்க யாருமே மறுக்கலை (பார்வையாளன் தவிர). யார் பாக்கெட்டுல இருந்துன்னுதான் கேள்வி. முழுச் செலவையும் ஒரே கடைக்காரர் தலையில வச்சா அவர் லீவை மறுக்க மாட்டாரு, பொண்ணையே மறுப்பாரு.

---

பழைய மில் ஆளு | வெள்ளி மதியம் 12:20

ஜூனியர் தம்பி சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மா மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை பார்த்தவர். அந்தப் பகுதி முழுக்கப் பெண்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய பெண்கள் ஓய்வு பெற்றுப் போய்க்கொண்டிருந்தார்கள், அந்த இடங்களுக்குப் புதிதாகப் பெண்களை எடுக்கவில்லை. யாரையும் வெளியே தள்ளவில்லை, சண்டையும் இல்லை. ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் பகுதி முழுக்க ஆண்கள். பிரசவப் பணமும், பெண்களுக்கு இருந்த இரவு ஷிஃப்ட் தடையும்தான் காரணம் என்று மேஸ்திரி வாய்விட்டே சொல்வார்.

இந்தப் பேச்சு நூறு வருடப் பழசு. 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். மக்கள் நலம் முதன்மையாக அரசின் பொறுப்பு, ஆகவே இந்தச் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றார். ஆனால் அரசு ஏற்கவில்லை என்பதற்காக முதலாளி தப்பித்துக்கொள்ளவும் கூடாது என்றார். சட்டம் 1929-இல் வந்தது. அவர் சொன்ன இரண்டில் ஒன்று நடந்தது, மற்றது இன்னும் பாக்கி.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-ஆம் வருடம் கொண்டுவந்த 183-ஆம் உடன்படிக்கையும் இதையே சொல்கிறது. குறைந்தது 14 வார விடுப்பு, அதற்கான பணம் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வரவேண்டும், தனி முதலாளி நேரடியாகச் சுமக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. வாரக் கணக்கில் நாம் அதைத் தாண்டிவிட்டோம். பணம் எங்கிருந்து என்பதில் தாண்டவில்லை. அந்த உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவும் இல்லை.

டவுன்ஹால் ரோட்டுத் தம்பிக்கு ஒரு கேள்வி. ஆறு பேருக்கும் சேர்த்து மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டினால் பிரசவம், காய்ச்சல், விபத்து எல்லாம் உங்கள் தலையை விட்டு இறங்கும் என்றால் கட்டுவீர்களா?

---

ஆறு பேர் கடை | வெள்ளி மதியம் 12:48

கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுவேன் ஐயா. எந்த மாசம் எம்புட்டுப் போகும்னு தெரிஞ்ச செலவுக்கு வியாபாரி பயப்பட மாட்டான். திடீர்னு எழுபதாயிரம்னு நிக்குதே, அதுக்குத்தான் பயம்.

---

கப்பலூர் ஷிஃப்ட் | வெள்ளி மாலை 5:50

இப்பத்தான் ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல ஏறுனேன். ஐயா சொன்ன 21,000 வரம்புல ஒரு குழி இருக்கு, நான் அதுல விழுந்தவ.

எனக்கு 20,400 சம்பளம். தரம் பார்க்குற செக்‌ஷன்ல சூப்பர்வைசரா ஒசத்தி 22,000 ஆக்குனாங்க. வீட்டுல பாயசம் வச்சோம். அந்த அரையாண்டு முடிஞ்சதும் இ.எஸ்.ஐ. நின்னுபோச்சு, அது எனக்கு ஒரு விஷயமாவே படலை. அடுத்த வருசம் உண்டானப்பத்தான் ஹெச்.ஆர். சொன்னாக: "நீங்க இப்ப இ.எஸ்.ஐ.யில இல்லை, கம்பெனிதான் குடுக்கணும்." அதாவது நான் 20,400 வாங்குன வரைக்கும் என் பிள்ளை எல்லாரோட செலவு. 22,000 ஆனதும் அந்த ஒரு கம்பெனியோட செலவு. அன்னைக்கு இருந்து மேனேஜர் மூஞ்சியே மாறிப்போச்சு. கடைசியில குடுத்தாக, இல்லைன்னு சொல்லலை. மூணு தடவை மதுரை லேபர் ஆபீசுக்கு நடக்கவச்சுக் குடுத்தாக.

லீவு முடிஞ்சு திரும்பி வந்ததைப் பத்தி யாரும் பேசறதில்லை, நான் பேசுறேன். ஆறு மாசம் பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் குடுன்னு டாக்டர் சொல்றாரு, உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சரியா 26 வாரம் முடிஞ்ச மறுநாள் நான் மெசின் முன்னாடி நிக்குறேன். பதினொரு மணிக்குப் பால் கட்டிக்கும். நெஞ்சு கல்லு மாதிரி ஆயிரும், ஜாக்கெட் நனையும். மேல கோட்டு போட்டுக்கிட்டு, உள்ள கைக்குட்டையை நாலா மடிச்சு வச்சுக்குவேன். பாத்ரூம் வாஷ்பேசின்ல பீச்சி விட்டுட்டுத் தண்ணியத் தொறந்து விடும்போது மட்டும் அழுவேன், வேற நேரம் அழுதது கிடையாது. வீட்டுல எங்க மாமியா அதே நேரத்துல பவுடர் பால் கலக்கிக்கிட்டு இருப்பாக.

பிள்ளைக்குப் பதினஞ்சு மாசம் ஆகுற வரைக்கும் தினம் ரெண்டு தடவை பாலூட்ட இடைவேளை குடுக்கணும்னு சட்டத்துல இருக்கு. அம்பது பேர் இருந்தா குழந்தைக் காப்பகமும் வைக்கணும். எங்க ரோல்ல நாப்பத்தெட்டு பேரு. ரொம்ப வருசமா நாப்பத்தெட்டு பேருதான். மிச்ச ஆளுக காண்ட்ராக்டு. ரெண்டு இடைவேளை குடுத்தா மட்டும் திருமங்கலத்துல இருக்குற பிள்ளைக்கு நான் பறந்து போயா பால் குடுக்க?

---

சுங்குடி முடிச்சு | வெள்ளி இரவு 9:10

கடை, கம்பெனின்னு பேசுறீங்க. எங்க பக்கத்தையும் எழுதுறேன்.

நான் வீட்டுல இருந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுறவ. துணியில புள்ளி வச்ச எடத்தை நகத்தால கிள்ளித் தூக்கி, நூலை ரெண்டு சுத்துச் சுத்தி இறுக்கணும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. முடிச்சுக்குத்தான் கூலி, நாளுக்கு இல்லை. எனக்கு மொதலாளின்னு ஒருத்தர் இருக்காரான்னே தெரியாது. துணி கொண்டாந்து குடுக்குறது ஏஜெண்டு அண்ணன், வாங்கிட்டுப் போறதும் அவருதான். அவரும் யாருக்கோ வேலை பாக்குறாரு. 26 வாரத்தை நான் யார்கிட்ட போய்க் கேக்க?

ரெண்டாவது பிள்ளைக்கு வலி எடுக்குற அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் முடிச்சுப் போட்டேன். பதினேழாம் நாள் திரும்ப உக்காந்தேன். இடுப்புக்கு முட்டுக் குடுக்கத் தலகாணி, மடியில துணி, பக்கத்துல தொட்டில் கயிறு கால் கட்டைவிரல்ல.

ஒண்ணும் கிடைக்கலைன்னு சொல்ல மாட்டேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல 18,000 ரூபா. அதுல 4,000க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பேரீச்சம்பழம், ஆவின் நெய், டானிக் எல்லாம் இருந்துச்சு. நெய் நல்ல நெய். மிச்சம் 14,000 தவணை தவணையா பேங்குல ஏறுச்சு. மேல அந்த அக்கா கணக்குக்கு நாளுக்கு 550ன்னு ஐயா போட்டாரே, நானும் போட்டுப் பாத்தேன். 14,000த்தை 182 நாளுக்கு வகுத்தா 77 ரூபா வருது. முடிச்சுப் போட்டா அதைவிடக் கூடத்தான் கிடைக்கும். அதனாலதான் பதினேழாம் நாள் உக்காந்தேன்.

---

உசிலம்பட்டிக்காரி | வெள்ளி இரவு 9:35

நான் அரசு ஊழியர். இதைப் படிச்சிட்டு எழுதவே கூச்சமா இருக்கு. எனக்கு ரெண்டு பிள்ளை. மூத்தவளுக்கு ஆறு மாசம் லீவு. சின்னவன் பிறந்தப்ப ஒரு வருசம், முழுச் சம்பளத்தோட. தமிழ்நாட்டுல 2011ல ஆறு மாசம், 2016ல ஒம்பது, 2021 ஜூலை 1 முதல் பன்னெண்டு. மூத்தவ அடிக்கடி சளி பிடிச்சுக் கிடந்தா, சின்னவனுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. லீவாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா எங்க அம்மா அப்படித்தான் சொல்லுது.

எங்க ஆபீஸைக் கூட்டித் துடைக்கிற பொண்ணு காண்ட்ராக்டு. பிள்ளை பெத்து ஒன்றரை மாசத்துல வந்து வெளக்கமாத்தை எடுத்துச்சு. ஒரே கட்டடம், ஒரே மாடிப்படி. நான் லீவு முடிஞ்சு போனப்ப அது பிள்ளை நடக்க ஆரம்பிச்சிருந்துச்சு. 'அக்கா, ஒங்க பிள்ளை கவுந்துக்கிட்டானா'ன்னு கேட்டுச்சு. ஒரு வயசுப் பிள்ளையப் பாத்து அப்படிக் கேக்குதேன்னு நெனச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, அது தன் பிள்ளை கவுந்ததைப் பாக்கலை. பிள்ளை எந்த மாசம் கவுந்துக்கும்னு அதுக்குத் தெரியலை.

---

உலகனேரி ஜூனியர் | வெள்ளி இரவு 10:20

தினக்கூலிக்கும் உண்டுன்னு 2000லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு அக்கா. டெல்லி மாநகராட்சியில மஸ்டர் ரோல் பெண்கள் போட்ட வழக்கு. ரோடு வேலையில கல்லும் மண்ணும் சுமந்தவங்க. நிரந்தரம் இல்லைங்கிறதால மகப்பேறுச் சலுகையை மறுக்க முடியாதுன்னு தீர்ப்பு. 2023ல காண்ட்ராக்ட் முடிஞ்சாலும் மகப்பேறுப் பலன் முடியாதுன்னு இன்னொண்ணு. 2025 மே மாசம் நம்ம தருமபுரி அரசுப் பள்ளி ஆசிரியை வழக்கு. முதல் திருமணத்துல ரெண்டு குழந்தைன்னு சொல்லி, மறுமணத்துல பிறந்த குழந்தைக்கு லீவு மறுத்தாங்க. மகப்பேறு விடுப்பு பெண்ணோட இனப்பெருக்க உரிமையில அடங்கினதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிக் குடுக்க வச்சுச்சு.

தீர்ப்புக்குக் குறைச்சல் இல்லை. எல்லாம் கோர்ட்டு வரைக்கும் போன பொண்ணுங்களுக்கு வந்தது. எங்க ஹைகோர்ட்டு மதுரை பெஞ்சுக்கு மேலூர் ரோட்டுல ஒரு ஷேர் ஆட்டோ பிடிச்சு வர்றதுக்கே லீவு எழுதிக் குடுக்கணும், அந்த லீவையும் அதே மொதலாளிகிட்டத்தான் கேக்கணும்.

---

சும்மா ஒரு பார்வையாளன் | வெள்ளி இரவு 10:44

அப்ப அப்பனுக்கும் லீவு குடுத்துருங்க, எல்லாரும் வீட்டுலயே இருப்போம் 😀

---

கப்பலூர் ஷிஃப்ட் | வெள்ளி இரவு 10:50

குடுத்தா நல்லதுதான். நீங்க இருந்து நாப்பி மாத்துவீகளா, இல்லை இங்க வந்து கமெண்டு போடுவீகளா?

---

மட்டுறுத்துநர் | வெள்ளி இரவு 11:20

இதுக்குக் கீழ இருந்த நாலு பதிவை எடுத்துட்டேன். பார்வையாளன், ஒரு வாரம் படிக்க மட்டும். தொடருங்க.

---

தெற்குமாசி கணக்கு | சனி இரவு 10:15

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நடந்ததைச் சொல்றேன்.

காலையில போனதும் மொதலாளி "கொண்டாந்தியாம்மா"ன்னு கேட்டாரு. ராஜினாமாத் தாளைக் குடுக்காம, ரெண்டு வருசச் சலான் ஃபைலை மேசையில வச்சேன். ஐயா சொன்ன மாதிரியே, 537 யாரு கட்டினது, 124 யாரு கட்டினதுன்னு பென்சில்ல சுழிச்சு வச்சிருந்தேன். "ஆறு மாசச் சம்பளத்தை நீங்க குடுக்க வேண்டாம் மொதலாளி, இ.எஸ்.ஐ. குடுக்கும். நீங்க கட்டியாச்சு"ன்னேன். அவர் நம்பலை. ஆடிட்டருக்குப் போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டுட்டாரு, அதனால எல்லாருக்கும் கேட்டுச்சு. ஆடிட்டர், "ஆமாங்க, அந்தப் பொண்ணு சொல்றது சரிதான்"ன்னாரு. "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன"ன்னு மொதலாளி அவரை வஞ்சாரு. அவர் "நீங்க கேக்கலையே"ன்னுட்டாரு.

அதுக்கப்புறம் சந்தோசமா முடிஞ்சுதுன்னு நெனைச்சிராதீங்க. பணம் பிரச்சினை இல்லைன்னு ஆன பிறகும் மொதலாளி மூஞ்சி தெளியலை. "சரி, ஆறு மாசம் கணக்கை யாரு பாப்பா?"ன்னு கேட்டாரு. அதுவும் நியாயமான கேள்விதான். ஜிஎஸ்டிக்குத் தேதி தள்ளுபடி கிடையாது. அவர் மச்சான் பையனை உக்கார வைக்கப் போறாராம். நான் போறதுக்குள்ள அவனுக்கு எல்லாம் கத்துக் குடுக்கணுமாம். திரும்பி வரும்போது அந்த நாற்காலி எனக்கா அவனுக்கான்னு நான் கேக்கலை, அவரும் சொல்லலை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எங்க கடையில மடிப்புப் போடுற ரெண்டு பொண்ணுக என்கிட்ட வந்து, "அக்கா, எங்களுக்கும் பிடிக்கிறாங்களா?"ன்னு கேட்டாங்க. ஒருத்திக்குப் போன வருசம் அஞ்சாம் மாசத்துல கலைஞ்சு போச்சு. அதுக்கும் ஆறு வாரம் சம்பளத்தோட லீவு உண்டாமே, நேத்து ராத்திரி தேடிப் படிச்சேன். அவ நாலாம் நாளே வந்து நின்னு மடிச்சுக்கிட்டிருந்தா. கடைகள்ல உக்கார எடம் குடுக்கணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டமே போட்டாங்க. எங்க கடையிலயும் நாலு ஸ்டூல் வாங்கினாங்க. அதுல இப்ப மாதிரிச் சேலை அடுக்கி வச்சிருக்கு. அவ சம்பளச் சீட்டையும் நான்தான் போட்டேன். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா.

---

சுங்குடி முடிச்சு | சனி இரவு 10:32

தெரியாமப் போனதுக்கு ஒங்கள நொந்துக்காதீங்க அக்கா. இப்பத் தெரிஞ்சதை மத்த கடைப் பொண்ணுகளுக்கும் சொல்லுங்க. அங்க ஒரு தெருவுக்கு எத்தனை பேரு நிக்கிறாங்க.

---

ஆறு பேர் கடை | சனி இரவு 11:02

அந்தப் பையனுக்கு எல்லாத்தையும் கத்துக் குடுங்க, பாக்கி நோட்டை மட்டும் லேசுல குடுத்துராதீங்கம்மா. வியாபாரி சொல்றேன். எந்த ஊர்க் கடைக்காரன் எப்பப் பணம் அனுப்புவான்னு தெரிஞ்ச ஆளை எந்த மொதலாளியும் விடமாட்டான்.

நேத்து எழுதினதுக்கு ராத்திரி தூக்கம் வரலை. எம் பொண்ணு சென்னையில வேலை பாக்குது. தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்து ஆறு மாசம் இருந்துச்சு. மாசக் கடைசியில சம்பளம் ஏறுன மெசேஜ் வரும்போதெல்லாம் அது ஆத்தாகிட்ட காட்டும், எனக்குப் பெருமையா இருக்கும். அது கம்பெனியில அதை எடுக்கும்போது எவனாவது என்னை மாதிரி யோசிச்சிருந்தா? சரி விடுங்க. இ.எஸ்.ஐ.யில விருப்பப்பட்டுச் சேர ஆறு பேர் கடைக்கு வழி இருக்கான்னு திங்கக்கிழமை ஆடிட்டர்கிட்ட கேக்குறேன்.

---

உலகனேரி ஜூனியர் | ஞாயிறு காலை 9:40

கேளுங்க அண்ணே. புதுத் தொகுப்புல பத்துப் பேருக்குக் குறைவா இருக்குற இடமும், மொதலாளியும் பெரும்பாலான ஊழியர்களும் ஒத்துக்கிட்டா, தானா முன்வந்து சேரலாம்னு வழி வச்சிருக்காங்க. ஆடிட்டர் தெரியாதுன்னு சொன்னா எனக்கு எழுதுங்க.

---

தெற்குமாசி கணக்கு | வியாழன் மாலை 7:25

பழைய மில் ஐயாவுக்கு ஒரு சந்தேகம். இன்னைக்கு அரை நாள் சொல்லிட்டு இ.எஸ்.ஐ. கிளை ஆபீசுக்குப் போயிருந்தேன். கார்டுல என் பேரு ஒரு எழுத்து மாறியிருக்கு, ஆதாரோட ஒத்துப் போகலை. கடையில இருந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அந்தக் கடிதத்தை நானே டைப் அடிச்சேன். மொதலாளி படிக்காமலே கையெழுத்துப் போட்டாரு. கோவத்துல போட்டாரா நம்பிக்கையில போட்டாரான்னு தெரியலை.

சந்தேகம் அது இல்லை. பிரசவப் பணம் கேக்குற படிவம் 19ல, ஊதியத்துக்கு வேலை செய்வதை எந்தத் தேதியிலிருந்து நிறுத்துகிறேன்னு எழுதச் சொல்லி ஒரு வரி இருக்கு. அதைப் பாத்ததும் பக்குன்னு ஆயிருச்சு. மறுபடியும் ராஜினாமா எழுதிக் குடுக்குற மாதிரி இருக்கே. அதை நிரப்பலாமா?

---

பழைய மில் ஆளு | வியாழன் இரவு 8:10

பயப்படாதே தாயி. அது ராஜினாமா இல்லை, விடுப்பு தொடங்குகிற தேதி. பிரசவத் தேதிக்கு முன்னால் எட்டு வாரம் வரை எடுக்கலாம். முன்னால் எவ்வளவு குறைவாக எடுக்கிறாயோ, பின்னால் பிள்ளையோடு அவ்வளவு கூடுதலாக இருக்கலாம். மொத்தம் 26 மாறாது. உடம்பு தாங்குகிற வரை போ, தாங்காத அன்றைக்கு நிறுத்து. இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழையும் சேர்த்துக் கொடு. எல்லாவற்றிலும் ஒரு நகல் உன் கையில் இருக்கட்டும்.

அந்தப் பழைய தாள் எங்கே?

---

தெற்குமாசி கணக்கு | வியாழன் இரவு 8:22

பையிலயேதான் இருக்கு ஐயா. பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு, அதுலதான் அந்தப் பையனுக்கு ஜிஎஸ்டி தேதியெல்லாம் எழுதிக் குடுத்துக்கிட்டிருக்கேன்.